அயல் வழிப்படுத்தி சொல்வதையெல்லாம் ஏற்கலாமா?

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
அலகு: கணினி வலையமைப்பும் இணையமும் – மேலதிக விளக்கம்

"வழிப்படுத்தியின் தொழில் யாது?" என்ற வினாவுக்கு நீங்கள் எல்லோரும் விடை எழுதுவீர்கள். "வேறுபட்ட வலையமைப்புகளை இணைத்து, தரவுப் பொதிகளைப் பொருத்தமான பாதையில் அனுப்புதல்" என்பதே அவ்விடை. புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த விடையிலுள்ள "பொருத்தமான பாதை" என்பதை வழிப்படுத்திக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலும் அமைதிதான். இந்தப் பாடம் அந்தக் கேள்விக்கானது. இதில் ஒரு பகுதி பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறது. அதற்காகப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். துவித எண், ஐபி முகவரி, நினைவகம் என்று நீங்கள் தனித்தனியே படித்தவை ஒரே இடத்தில் வேலைசெய்வதை இங்கு காண்பீர்கள்.

வழி கேட்டுப் போதல்

மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து ஒரு மீன் லொறி கொழும்புக்குப் புறப்படுகிறது என வைத்துக்கொள்வோம். சாரதி முன்பின் வராதவர். கையில் வரைபடமும் இல்லை. அவர் துறைமுக வாசலில் கேட்கிறார். தெல்லிப்பழைக்குப் போ என்கிறார்கள். தெல்லிப்பழைச் சந்தியில் கேட்கிறார். மல்லாகம், சுன்னாகம் தாண்டி யாழ்ப்பாணம் போ என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஏ9 வீதியைக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு சந்தியிலும் நிற்பவருக்குக் கொழும்பு வரையான முழு வீதியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சந்தி எது என்று தெரிந்தால் போதும்.

இணையமும் இவ்வாறுதான் இயங்குகிறது. ஒவ்வொரு வழிப்படுத்தியிடமும் ஓர் அட்டவணை உண்டு. அது வழிப்படுத்தல் அட்டவணை எனப்படும். "இந்த முகவரிகளுக்குச் செல்லும் பொதிகளை இந்த அயலவரிடம் கொடு" என்பதே அதிலுள்ள ஒவ்வொரு வரியின் பொருளாகும். பெரிய சேவை வழங்குநர்களுக்கிடையே இந்த வரிகளை எவரும் கையால் எழுதுவதில்லை. அயலிலுள்ள வழிப்படுத்திகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. இப்படிச் சொல்லிக்கொள்வதற்கான நெறிமுறையின் பெயர் எல்லை நுழைவாயில் நெறிமுறை. சுருக்கமாக பிஜிபி என்பர். அதன் முதல் வடிவம் 1989 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. கேர்க் லொகீட், யாகோவ் ரெக்டர் என்ற இரு பொறியியலாளர்கள் மதிய உணவு வேளையில் கைதுடைக்கும் தாள்களில் அதன் முதற் குறிப்புகளை எழுதினார்கள். இன்று உலக இணையம் முழுவதையும் தைத்து வைத்திருப்பது அந்தத் தாள்களில் தொடங்கிய நெறிமுறையின் நான்காம் பதிப்பாகும்.

பிஜிபி பேசும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னாட்சி வலையமைப்பு எனப்படும். ஒவ்வொன்றுக்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் இலக்கம் உண்டு. சிறீலங்கா ரெலிகொம் 9329, டயலொக் 18001, எமது பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு 38229. இவற்றை மனனம் செய்ய வேண்டியதில்லை. "இணையம் என்பது வலையமைப்புகளின் வலையமைப்பு" என்று நீங்கள் எழுதும் வரைவிலக்கணத்தின் உள்ளே இப்படிப் பெயரும் இலக்கமும் கொண்ட உண்மையான அங்கத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே குறிப்பிட்டேன்.

நம்பிக்கையில் உள்ள ஓட்டை

லொறிச் சாரதியிடம் மீண்டும் வருவோம். சந்தியில் நிற்பவர் தவறான வழி சொன்னால் என்ன ஆகும்? மயிலிட்டியில் இதை விளக்கத் தேவையில்லை. 1990 ஆம் ஆண்டு ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. துறைமுகப் பகுதி 2017 யூலை 3 ஆம் திகதிதான் விடுவிக்கப்பட்டது. இடைப்பட்ட 27 ஆண்டுகளும் வரைபடத்தில் மயிலிட்டிக்கு வீதி இருந்தது. நிலத்தில் அந்த வீதியால் போக முடியாது. வரைபடத்தை நம்பி வந்தவர் தடையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

தரவுப் பொதிக்குத் திரும்பிப் போகவும் தெரியாது. இல்லாத வழியை நம்பிப் போன பொதி அங்கேயே கைவிடப்படும். வலையமைப்புத் துறையில் இதைக் கருந்துளை என்பார்கள். பரீட்சைப் பெறுபேறு பார்க்க நீங்கள் அனுப்பும் கோரிக்கையும், கடலுக்குப் போகுமுன் தகப்பனார் பார்க்கும் காலநிலை அறிவித்தலும் இந்த அட்டவணைகளை நம்பியே பயணம் செய்கின்றன.

பிஜிபி உருவாக்கப்பட்ட காலத்தில் இணையத்தில் இருந்தவர்கள் மிகச் சிலர். ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே "அயலவர் சொன்னால் உண்மை" என்ற எடுகோளுடன் அது அமைந்துவிட்டது. "இந்த முகவரி என்னிடம் உள்ளது" என்று யாராவது அறிவித்தால், அது உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்த நெறிமுறைக்குள் இல்லை. சரிபார்க்கும் வேலை கேட்பவரின் தலையில்தான் விழுகிறது.

2008: யூரியூப் காணாமற்போன இரவு

2008 பெப்ரவரியில் பாகிஸ்தான் அரசு தன் நாட்டுக்குள் யூரியூப் தளத்தைத் தடைசெய்யுமாறு உத்தரவிட்டது. பாகிஸ்தான் ரெலிகொம் அதற்கு ஓர் இலகுவான வழியைக் கையாண்டது. யூரியூப்பின் முகவரிகள் தன்னிடமே உள்ளதாகத் தன் வழிப்படுத்திகளுக்கு அறிவித்தது. அங்கு வரும் பொதிகளைக் கைவிட்டுவிடலாம் அல்லவா? நாட்டுக்குள் மட்டும் நின்றிருந்தால் இது உள்நாட்டு விடயமாகவே முடிந்திருக்கும். ஆனால் அந்த அறிவித்தல் வெளியேயும் கசிந்தது. அதற்கு மேல்நிலைச் சேவை வழங்கிய ஹொங்கொங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் எதையும் சரிபார்க்காமல் ஏற்று உலகுக்கெல்லாம் சொன்னது. பெப்ரவரி 25 ஆம் திகதி எமது நேரப்படி அதிகாலை 12.17 அளவில் இது நடந்தது. சில நிமிடங்களில் உலகின் பல பாகங்களில் யூரியூப் மறைந்தது.

இங்கே மாணவர் ஒருவர் கேட்க வேண்டிய நல்ல கேள்வி ஒன்று உண்டு. யூரியூப் தானும் தன் முகவரிகளை அறிவித்துக்கொண்டுதானே இருந்தது? இரண்டு அறிவித்தல்கள் இருக்கும்போது பொய்யானது ஏன் வென்றது?

விடை துவித எண்ணில் இருக்கிறது. ஐபி பதிப்பு 4 முகவரி 32 பிட்டுகளைக் கொண்டது என்பது உங்களுக்குத் தெரியும். யூரியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22 என்ற தொகுதி. கோட்டுக்குப் பின்னால் உள்ள 22 என்பது, முதல் 22 பிட்டுகள் நிலையானவை என்பதைக் குறிக்கும். மீதி 10 பிட்டுகள் மாறலாம். எனவே 2 இன் 10 ஆம் அடுக்கு, அதாவது 1024 முகவரிகள். பாகிஸ்தான் ரெலிகொம் அறிவித்தது 208.65.153.0/24. மீதி 8 பிட்டுகள், 256 முகவரிகள்.

மூன்றாவது எண்ணை மட்டும் துவிதத்தில் எழுதிப் பாருங்கள்.

152 = 128 + 16 + 8 = 10011000
153 = 128 + 16 + 8 + 1 = 10011001

முதல் இரண்டு எண்களும் சேர்ந்து 16 பிட்டுகள். எனவே /22 தொகுதியில் மூன்றாவது எண்ணின் முதல் ஆறு பிட்டுகள், அதாவது 100110, மட்டுமே நிலையானவை. 152, 153, 154, 155 ஆகிய நான்கும் அதற்குள் அடங்கும். /24 தொகுதியோ 153 ஐ மட்டும் முழுமையாகச் சுட்டிக் கூறுகிறது. வழிப்படுத்திக்கு ஒரு விதி உண்டு: இரண்டு வழிகள் பொருந்தினால் அதிக பிட்டுகள் பொருந்தும் வழியையே தெரிவுசெய்ய வேண்டும். இது தவறான விதி அன்று. "யாழ் மாவட்டத்துக்குக் கடிதமா, இந்தப் பையில் போடு, மயிலிட்டிக்கா, அந்தப் பையில் போடு" என்று இரண்டு அறிவுறுத்தல்கள் இருந்தால் மயிலிட்டிக் கடிதத்தை எந்தப் பையில் போடுவீர்கள்? குறிப்பானது எதுவோ அதில்தான். அந்த நியாயமான விதியே அன்று பொய்க்குத் துணைபோயிற்று.

ஏறத்தாழ 80 நிமிடங்களின் பின் யூரியூப் தானும் /24 ஐ அறிவித்தது. போதவில்லை. சமநிலைதான் ஆயிற்று. மேலும் 11 நிமிடங்களின் பின் அதை இரண்டு /25 தொகுதிகளாகப் பிரித்து, 128 முகவரிகள் வீதம் அறிவித்தது. அதிகாலை 2.31 அளவில் பிசிசிடபிள்யூ பாகிஸ்தானிலிருந்து வந்த வழிகளை அகற்றிய பின்னரே எல்லாம் வழமைக்குத் திரும்பியது. மொத்தம் இரண்டே கால் மணித்தியாலம்.

இந்தச் சம்பவத்தில் பாகிஸ்தானைக் குறை கூறுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் பெரிய தவறு ஏற்றவருடையது. பாகிஸ்தான் ரெலிகொமின் முகவரிகள் எவை என்பது அதற்குச் சேவை வழங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாததை வாசலிலேயே மறுத்திருக்கலாம்.

இரண்டு வகைக் காவல்

அயலவரிடமிருந்து வரும் வழிகளைக் கட்டுப்படுத்த இரண்டு அடிப்படை முறைகள் உள்ளன. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, வடிகட்டல். "இந்த அயலவர் இன்னின்ன முகவரித் தொகுதிகளை மட்டுமே அறிவிக்கலாம்" என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தல். பட்டியலில் உள்ளது உள்ளே வரும், இல்லாதது வராது. இது எவை என்பதைப் பார்க்கிறது.

இரண்டாவது, உச்ச வரம்பு. "இந்த அயலவர் இத்தனை வழிகளுக்கு மேல் அறிவித்தால் ஏற்காதே" என்று ஓர் எண்ணை இடுதல். இது எத்தனை என்பதை மட்டும் பார்க்கிறது. என்ன முகவரி, யாருடையது என்று கேட்பதில்லை.

உச்ச வரம்பை ஊர் வழக்கில் சொல்கிறேன். துறைமுகத்தில் நாள்தோறும் நாலைந்து பெட்டி மீன் கொண்டுவரும் ஒரு சிறிய வள்ளக்காரர் இருக்கிறார். இன்று வந்து நாலாயிரம் பெட்டி என்று எழுதச் சொல்கிறார். கணக்கு எழுதுபவர் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு மீனாகப் பார்க்க வேண்டியதில்லை. பேனாவை வைத்துவிட்டு, "ஏதோ பிழை, முதலில் போய் என்னவென்று பார்த்து வாரும்" என்று சொன்னால் போதும். எண்ணே பொய்யைக் காட்டிக் கொடுக்கிறது.

வழிப்படுத்தியில் இது எவ்வாறு நிகழ்கிறது? நிருவாகி ஒவ்வோர் அயலவருக்கும் தனித்தனியே ஓர் எண்ணைக் கொடுக்கிறார். அயலவரிடமிருந்து வரும் வழிகளை வழிப்படுத்தி எண்ணிக்கொண்டே இருக்கும். சிஸ்கோ வழிப்படுத்திகளில், வேறு எண் கொடுக்கப்படாவிட்டால், வரம்பின் 75 சதவீதத்தைத் தாண்டும்போது எச்சரிக்கைச் செய்தி பதிவாகும். வரம்பையே தாண்டினால் அந்த அயலவருடனான பிஜிபி தொடர்பு துண்டிக்கப்படும். துண்டிக்கும்போது "உச்ச எண்ணிக்கை எட்டப்பட்டது" என்ற காரணமும் அயலவருக்கு அனுப்பப்படலாம். தொடர்பு அறுந்தவுடன் அவரிடமிருந்து முன்பு பெற்ற வழிகளும் அட்டவணையிலிருந்து நீங்கிவிடும். நல்லதும் போகும், கெட்டதும் போகும். நிருவாகி பார்த்து மீண்டும் இயக்கும் வரை, அல்லது குறித்த நிமிடங்கள் கழியும் வரை, அது அப்படியே இருக்கும். துண்டிக்காமல் எச்சரிக்கை மட்டும் தருமாறும் அமைக்கலாம். ஆனால் யாரும் பார்க்காத எச்சரிக்கையால் பயனில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு சேவை வழங்குநரிடம் ஒரு நிறுவனம் வழமையாக 12 வழிகளை அறிவிக்கிறது. சேவை வழங்குநர் வரம்பாக 20 ஐ இடுகிறார். எச்சரிக்கை எல்லை 75 சதவீதம் எனின், 20 × 75 ÷ 100 = 15. நிறுவனம் 14 வழிகளை அறிவித்தால் எதுவும் நடக்காது. 16 ஆனால் எச்சரிக்கை. 21 ஆவது வழி வந்தவுடன் துண்டிப்பு.

வரம்பை ஏன் 12 என்றே இடக்கூடாது? நாளை அந்த நிறுவனம் ஒரு புதிய கிளை திறந்து நேர்மையாகவே 13 ஆவது வழியை அறிவிக்கலாம். அன்றே அதன் இணையம் அறுந்துபோகும். அப்படியானால் 12,000 என்று தாராளமாக இட்டால் என்ன? அது வரம்பு இல்லாததற்குச் சமம். வளர்ச்சிக்கு இடம் விட்டு, விபத்துக்கு இடம் விடாத ஓர் எண்ணைத் தெரிவுசெய்வதுதான் நிருவாகியின் திறமை. ஒருமுறை இட்டுவிட்டு மறந்துபோவதும் ஆபத்து. வலையமைப்பு வளர்கிறது, எண் அப்படியே கிடக்கிறது, ஒரு நாள் காரணமின்றித் தொடர்பு அறுகிறது.

எண்ணிக்கை காட்டிக்கொடுத்த சம்பவங்கள்

அயல்நாடான இந்தியாவில் 2021 ஏப்ரல் 16 ஆம் திகதி மாலை, வோடபோன் ஐடியா நிறுவனத்தின் 55410 இலக்க வலையமைப்பு தனக்கு உரித்தில்லாத 30,000 க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என அறிவித்தது. உலகின் பல நாடுகளுக்குரிய பொதிகள் அதை நோக்கிப் பாய்ந்தன. அதனுள் வரும் போக்குவரத்து வழமையைப் போல் 13 மடங்காயிற்று என்று அளவிடப்பட்டுள்ளது. பெரும்பகுதி சுமார் பத்து நிமிடங்களில் ஓய்ந்தது. திட்டமிட்ட களவு என்பதற்கு அடையாளம் எதுவுமில்லை. அமைப்பு வழு என்றே கருதப்படுகிறது. ஒரு அயலவர் திடீரென முப்பதாயிரம் வழிகளைக் கூடுதலாகச் சொல்லும்போது, அதைக் கேட்பவரிடம் பொருத்தமான ஓர் உச்ச வரம்பு இருந்திருந்தால் சில நொடிகளிலேயே வாசல் மூடியிருக்கும்.

இதைவிடப் பாடமாக எடுக்கத்தக்கது 2019 யூன் 24 ஆம் திகதி அமெரிக்காவில் நடந்தது. பென்சில்வேனியாவில் டிகியூஇ என்ற சிறிய சேவை வழங்குநர் ஒரு மென்பொருளைப் பயன்படுத்திவந்தது. அது தன் வலையமைப்புக்குள் போக்குவரத்தைச் சீர்செய்வதற்காக மற்றவர்களின் முகவரித் தொகுதிகளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும். உதாரணமாக 104.20.0.0/20 என்பது 104.20.0.0/21, 104.20.8.0/21 என இரண்டாகும். உள்ளே மட்டும் இருக்க வேண்டிய இந்தத் துண்டுகள் அதன் வாடிக்கையாளரான அலெகெனி என்ற உலோக உற்பத்தி நிறுவனத்துக்குப் போயின. அலெகெனி வெரைசன் என்ற மிகப் பெரிய நிறுவனத்திடமும் இணைப்புப் பெற்றிருந்தது. அங்கும் அவற்றைச் சொல்லிவிட்டது. வெரைசன் ஏற்று உலகுக்கு அறிவித்தது.

இப்போது துவித விதியை நினைவுபடுத்துங்கள். /21 ஆனது /20 ஐ வெல்லும். எனவே பல பெரிய இணையத் தளங்களுக்குரிய போக்குவரத்து ஓர் உலோகத் தொழிற்சாலையின் இணைப்பினூடாகப் போக முயன்றது. காங்கேசன்துறை வீதி வாகனங்கள் முழுவதையும் ஒரு தோட்டத்து ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டது போல. கிளவுட்பிளேர் நிறுவனம் மட்டும் உச்ச கட்டத்தில் தன் உலகப் போக்குவரத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தை இழந்தது. அலெகெனி போன்ற ஒரு நிறுவனம் ஒரு சில வழிகளையே அறிவிக்க வேண்டியது. அன்று அது அறிவித்தவை ஆயிரக்கணக்கானவை. வெரைசன் அதற்கு ஓர் உச்ச வரம்பு இட்டிருந்தால் சம்பவமே நடந்திராது என்று கிளவுட்பிளேர் வெளிப்படையாக எழுதியது.

இவ்வகைத் தவறுக்கு வழிக்கசிவு என்று பெயர். தவறான வழி உருவாக்கப்படவில்லை. ஒருவரிடம் கேட்டதை, சொல்லக்கூடாத இன்னொருவரிடம் சொன்னதே தவறு. 2015 மார்ச் 12 ஆம் திகதி இந்தியாவின் ஹாத்வே நிறுவனம் கூகிளிடம் நேரடியாகப் பெற்ற முந்நூறுக்கு மேற்பட்ட வழிகளைத் தனக்குச் சேவை வழங்கும் பாரதி எயர்டெல்லிடம் சொல்லிவிட்டதும் இதே வகை. எயர்டெல் அவற்றை ஏற்று மேலும் பரப்பியதால் பல இடங்களில் கூகிள் சேவைகள் தடைப்பட்டன. இதில் பணக்கணக்கும் கலந்திருக்கிறது. வாடிக்கையாளர் வழியாகப் போகும் போக்குவரத்துக்குச் சேவை வழங்குநருக்குப் பணம் வரும். ஆகையால் வாடிக்கையாளர் சொல்லும் வழிக்கே வழிப்படுத்திகளில் முன்னுரிமை கொடுத்து வைப்பது வழமை. வாடிக்கையாளர் தவறாகச் சொன்னாலும் அந்த முன்னுரிமை மாறுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மூத்தது 1997 ஏப்ரல் 25 ஆம் திகதிச் சம்பவம். அமெரிக்காவில் 7007 என்ற இலக்கமுடைய ஒரு சிறு வலையமைப்பு உலகின் வழிகளையெல்லாம் /24 துண்டுகளாக்கித் தன்னுடையவை என்று அறிவித்தது. வழிப்படுத்தியின் மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் அந்தப் பொய் வழிகள் மற்றவர்களின் அட்டவணைகளில் சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருந்தன. 1997 இலிருந்து 2021 வரை 24 ஆண்டுகள். தவறு ஒரே மாதிரியானது.

நினைவகமும் ஒரு காரணம்

உச்ச வரம்புக்கு இன்னொரு பயனும் உண்டு. வழிப்படுத்தியும் ஒரு கணினியே. அதற்கும் நினைவகம் வரையறுக்கப்பட்டது. 2014 ஆகஸ்ட் 12 ஆம் திகதி உலக வழிப்படுத்தல் அட்டவணை 512 கே என்ற எல்லையைத் தொட்டது. 512 × 1024 = 524,288, அதாவது 2 இன் 19 ஆம் அடுக்கு. சில பழைய வழிப்படுத்திகளின் விசேட நினைவகத்தில் அவ்வளவு வரிகளுக்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று வெரைசன் தற்காலிகமாக ஏறத்தாழ 15,000 புதிய வழிகளை அறிவித்ததும் அவை நிரம்பி வழிந்தன. பல இடங்களில் இணையம் மந்தமாயிற்று. இன்று அந்த அட்டவணை ஏறத்தாழ பத்து இலட்சம் வரிகளைக் கொண்டது. சிறிய வழிப்படுத்தி வைத்திருப்பவர் அயலவரிடமிருந்து எத்தனை வழிகளை ஏற்பது என்று தீர்மானிக்காவிட்டால், அயலவரின் ஒரு தவறு தன் வழிப்படுத்தியையே செயலிழக்கச் செய்துவிடும்.

வரம்பு பிடிக்காதவை

ஆர்வமிகுதியில் சில மாணவர்கள் "உச்ச வரம்பு இட்டால் எல்லாத் தவறும் தடுக்கப்படும்" என்று எழுதிவிடுவார்கள். யூரியூப் சம்பவத்தை மீண்டும் பாருங்கள். பாகிஸ்தான் ரெலிகொம் கூடுதலாக அறிவித்தது ஒரேயொரு /24 வழி. ஒன்று கூடியதற்காக எந்த வரம்பும் விழித்துக்கொள்ளாது. அங்கே வடிகட்டலே தேவை. மறுபுறம், ஆயிரக்கணக்கான தொகுதிகளை வைத்திருக்கும் பெரிய அயலவருக்கு முழுப் பட்டியல் எழுதிப் பராமரிப்பது கடினம். அங்கே வரம்பு கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு முறையும் இப்போது பரவிவருகிறது. முகவரித் தொகுதியின் உரிமையாளர் "இதை இந்த இலக்க வலையமைப்பே அறிவிக்கலாம்" என்று இலத்திரனியல் கையொப்பமிட்டுப் பதிவுசெய்தல். காணி உறுதி போன்றது. இலங்கை உட்பட ஆசிய பசுபிக் நாடுகளுக்கு இப்பதிவை ஏப்னிக் என்ற அமைப்பு மேற்கொள்கிறது. 2022 மார்ச் 28 ஆம் திகதி ரஷ்யாவின் ஒரு சேவை வழங்குநர் டுவிற்றரின் ஒரு /24 தொகுதியைத் தன்னுடையதாக அறிவித்தது. 2008 ஐப் போன்ற அதே செயல். ஆனால் அத்தொகுதிக்கு உறுதி பதியப்பட்டிருந்ததால் அதைச் சரிபார்க்கும் வலையமைப்புகள் ஏற்க மறுத்தன, உலகெங்கும் பரவவில்லை. இணையப் பொறியியல் பணிக்குழுவும் 2017 இல் 8212 ஆம் இலக்க ஆவணத்தில், என்ன ஏற்பது என்று நிருவாகி எழுதி வைக்காத வரை அயலவரிடமிருந்து எதையும் ஏற்கவோ அவருக்குச் சொல்லவோ கூடாது என விதித்தது. முன்பு எழுதாவிட்டால் எல்லாம் உள்ளே வரும். இந்த விதிப்படி எழுதாவிட்டால் எதுவும் வராது.

பயிற்சி வினாக்கள்

1. 208.65.152.0/22 என்னும் தொகுதியில் 208.65.155.10 என்ற முகவரி அடங்குமா? காரணம் தருக.
விடை: அடங்கும். 155 = 10011011. அதன் முதல் ஆறு பிட்டுகள் 100110. இவை 152 இன் முதல் ஆறு பிட்டுகளுடன் ஒத்துள்ளன. (156 ஐயும் இவ்வாறு செய்து பாருங்கள். 10011100, முதல் ஆறு பிட்டுகள் 100111. அடங்காது.)

2. ஒரு வழிப்படுத்தியிடம் ஒரே முகவரிக்கு /20, /21 என இரு வழிகள் உள்ளன. எதைத் தெரிவுசெய்யும்?
விடை: /21. அதிக பிட்டுகள் பொருந்தும் வழியே தெரிவுசெய்யப்படும்.

3. ஓர் அயலவருக்கு உச்ச வரம்பு 40 எனவும் எச்சரிக்கை எல்லை 75 சதவீதம் எனவும் இடப்பட்டுள்ளது. அவர் (அ) 28 (ஆ) 33 (இ) 41 வழிகளை அறிவித்தால் நிகழ்வது யாது?
விடை: எச்சரிக்கை எல்லை 30. (அ) மாற்றமில்லை. (ஆ) எச்சரிக்கை பதிவாகும், தொடர்பு நீடிக்கும். (இ) தொடர்பு துண்டிக்கப்படும். அவரிடம் பெற்ற வழிகள் அனைத்தும் நீங்கும்.
பலர் (இ) இற்கு "41 ஆவது வழி மட்டும் மறுக்கப்படும்" என்று எழுதுவர். அது தவறு.

4. வழிகள் மீதான வடிகட்டலுக்கும் உச்ச வரம்புக்கும் இடையிலான ஒரு வேறுபாட்டைத் தருக.
விடை: வடிகட்டல் எந்த முகவரித் தொகுதிகள் ஏற்கப்படலாம் என்பதைத் தீர்மானிக்கும். உச்ச வரம்பு எத்தனை ஏற்கப்படலாம் என்பதை மட்டும் தீர்மானிக்கும்.

5. ஒரு நிறுவனம் இரண்டு சேவை வழங்குநர்களிடம் இணைப்புப் பெற்றுள்ளது. ஒருவரிடம் கேட்ட வழிகளை மற்றவரிடம் அறிவித்துவிட்டது. (அ) இத்தவறின் பெயர் யாது? (ஆ) இரண்டாவது சேவை வழங்குநர் முன்கூட்டியே செய்திருக்கக்கூடிய இரண்டு விடயங்களைக் குறிப்பிடுக. (இ) அந்நிறுவனம் தன் பக்கத்தில் செய்திருக்க வேண்டியது யாது?
(இ) இற்கான விடையை நேரடியாக எழுதவில்லை. அலெகெனி நிறுவனத்தின் இடத்தில் உங்களை வைத்து யோசித்து எழுதி வாருங்கள்; அடுத்த வகுப்பில் பார்ப்போம்.